ட்ரவுட் கோல் கடலுக்கு ஆகாது

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு அந்தமானில் ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் துவீப்) தீவுக்குப் போகிறோம். கோவையில் விமானம் ஏறுகிறோம். அவலாஞ்சி பக்கம் ட்ரவுட் பிடிக்க வாங்கிய ஆறடிக் கோல் கையில் இருக்கிறது. அதையே கொண்டுபோகலாமா? அல்லது ஆன்லைனில் 1,800 ரூபாய்க்குக் கிடைக்கும், இழுத்து நீட்டுகிற டெலிஸ்கோப்பிக் செட் வாங்கலாமா? கரையில் நின்றுதான் வீசுவேன். (கோத்தகிரி வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். எட்டடி நீளத்தில், நான்கு துண்டாகக் கழற்றக்கூடிய ஸ்பின்னிங் கோல் (ரீல் கோலுக்கு அடியில் தொங்கும் வகை) ஒன்று வாங்குங்கள்.

உங்கள் ட்ரவுட் கோலின் கைப்பிடிக்கு மேலே எத்தனை கிராம் வீசலாம் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் 2 முதல் 10 வரை. கடற்காற்றை எதிர்த்து வீச 20, 30 கிராம் உலோக ஜிக் (மீன் வடிவில், முள்ளோடு வரும் கனமான போலி இரை) தேவை. அதை இந்தக் கோலில் கட்டி ஓங்கி வீசினால், மீன் வருவதற்கு முன்பே நுனி முறியும். தப்பித்தவறி ஒரு பாரை மீன் மாட்டினாலும் அது நேரே பவளப்பாறைக்குள் ஓடும். திருப்புவதற்கு அந்தக் கோலில் வலு கிடையாது. 15–40 கிராம் என்று போட்டிருக்கும் கோலாகப் பாருங்கள்.

இடம் அடைக்குமே என்ற கவலை வேண்டாம். எட்டடிக் கோலை நான்காகப் பிரித்தால் ஒரு துண்டு சுமார் 65 செ.மீ. பெரிய டிராலிப் பெட்டியில் குறுக்காக வைக்கலாம். டெலிஸ்கோப்பிக் கோல் மடக்கினால் இன்னும் குட்டையாகலாம்; அந்தச் சில அங்குலத்துக்காக அதை வாங்க வேண்டியதில்லை. 

அந்த 1,800 ரூபாய் செட்டில் ரீல், நரம்பு, நூறு உருப்படி கொண்ட டப்பா எல்லாம் இருக்கும். உருப்படியானது எதுவும் இருக்காது. '99% கார்பன்' என்பது ஸ்டிக்கர், அவ்வளவுதான். டெலிஸ்கோப்பிக் கோலில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் உராய்ந்து நிற்கிறது. ஒரு சிட்டிகை கடற்கரை மணல் உள்ளே போனால் மூட்டு இறுகிவிடும். முறுக்கிப் பிடுங்கினால் மெல்லிய குழாய் விரியும். நரம்பு ஓடும் மலிவான கைடு வளையத்தை பிரெய்டு நரம்பு (மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்தது) அறுத்துப் பள்ளமாக்கும். அதன்பின் அந்தப் பள்ளமே நரம்பை அறுக்கும். கடையில் நேரில் வாங்கினால் ஒவ்வொரு வளையத்திலும் பஞ்சை நுழைத்து இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் கோலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டெலிஸ்கோப்பிக்குக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: படகுத்துறையின் சிமெண்ட் தளத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் இறால் துண்டைக் கோத்து இறக்குவதற்கு. அங்கே மணல் இல்லை, வீச்சு இல்லை, சின்ன ஈயக்குண்டு போதும். அப்போதும் பிரெய்டு போடாதீர்கள். 12 பவுண்டு இழுவை தாங்கும் நைலான் நரம்புதான். நீட்டும்போது நுனித் துண்டில் தொடங்கி அடிக்கு வாருங்கள். மடக்கும்போது அடித் துண்டில் தொடங்கி நுனிக்குப் போங்கள். உதறி நீட்டக் கூடாது. கப்பல் வரும் நேரத்தில் அங்கே தூண்டில் போடக் கூடாது. துறை ஊழியரிடம் முதலில் கேளுங்கள். இத்தனையும் பொருந்தினால் வாங்குங்கள், பிள்ளைகளுக்கு மட்டும்.

உங்கள் கோலுக்கு 4000 அளவு ரீல். அதில் 30 பவுண்டு பிரெய்டு 200 மீட்டர், நுனியில் 40 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர் (பிரெய்டுக்கும் ஜிக்குக்கும் நடுவே கட்டும், உரசல் தாங்கும் நரம்பு) ஒன்றரை மீட்டர். பிரெய்டை நேராக ஜிக்கில் கட்டினால் பாறையில் உரசிய மறுநொடி அறுந்துவிடும். ஊளி மீன் நடமாடும் இடமென்றால் ஒரு சாண் கம்பி லீடரும் சேருங்கள். அதன் பல் நரம்பை விட்டுவைக்காது. டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியை, கைவிரலால் இழுத்து மதிப்பிடாதீர்கள். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை நரம்பில் மாட்டி இழுங்கள். 3 கிலோவில் ரீல் நரம்பை விடத் தொடங்க வேண்டும். கோல் மூட்டுகளை இருபது வீச்சுக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். தளர்ந்த மூட்டோடு வீசினால் நுனித் துண்டு ஜிக்கோடு பறக்கும், அல்லது மூட்டின் வாய் பிளக்கும்.

கோல், தூண்டில் முள், இடுக்கி, கத்தி அனைத்தும் செக்-இன் பெட்டியில் போகட்டும். கைப்பையில் கோலைக் கொண்டுபோனால் சோதனையில் நிற்பவர் வைத்ததுதான் சட்டம். போகும்போது விட்டவர்கள் வரும்போது பிடுங்கிக்கொள்ளலாம்.

மீன்பிடி அனுமதி விஷயத்தில் இன்னும் எரிச்சல். எங்கே பிடிக்கலாம், எங்கே கூடாது என்பதைச் சாமானியருக்குப் புரியும்படி ஒரே தாளில் அச்சடித்துக் கொடுக்க எந்த அலுவலகத்துக்கும் நேரமில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர் பிழைக்கிறார். விடுதி வாசலில் 'பாஸ்' வாங்கித் தருகிறேன் என்பவரிடம் மீன்வளத் துறை ரசீதைக் கேளுங்கள். இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது. அதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஆனால் தெற்கு அந்தமானின் வண்டூரில் உள்ள மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலே கூடாது. அலையாத்திக் காட்டு ஓடைகளின் முகத்துவாரத்திலும் நிற்காதீர்கள். அந்தமானில் உப்புநீர் முதலை உண்டு.

அன்றன்றைக்கே கழுவிவிடுங்கள். முதலில் டிராக்கை இறுக்கிக்கொண்டு, குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டுக் கோலையும் ரீலையும் அலசுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு ரீலுக்குள் ஏறும். துடைத்து உலர்த்தியபின் டிராக்கைத் தளர்த்துங்கள். நீங்கள் கோத்தகிரி திரும்பிய கொஞ்ச நாளில் மழையும் மூடுபனியும் தொடங்கிவிடும். உப்புப் படிந்த கோலை உறைக்குள் போட்டு வைத்தால் கைடு கால்கள் சில வாரங்களில் துருவேறும். துண்டுகளைத் தனித்தனியாக, உறையில்லாமல், சமையலறைச் சூடு படுகிற சுவரோரம் சாய்த்து வையுங்கள்.