பதில்: வியாபார அனுமதிப்பத்திர முறையை எங்கிருந்து திருத்துவது?

வணக்கம் தம்பி. ஜனவரி வந்தால் கடைக்காரர் அனுமதிப்பத்திரத்துக்காக நாலைந்து தரம் பிரதேச சபைக்கு அலைகிறார்கள், இந்த முறையை மாற்றச் சபையில் உங்களிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள், எங்கே தொடங்குவது என்று எழுதியிருந்தீர்கள். கணினியில் ஏற்றுவதெல்லாம் அப்புறம். முதலில் குழப்பத்தைத் தீர்த்து வையுங்கள்.

இலங்கையில் வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில் நடப்பது. சபை கொடுக்கும் அனுமதிப்பத்திரம் வேறு. அது 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின்படி வருவது, ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31 உடன் முடிந்துவிடும். வன்னியில் பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். பரந்தனில் என் அக்கா இடியப்பக் கடை போட்டபோது, பெயர்ப் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவிட்டு எல்லாம் சரி என்றுதான் இருந்தா. பிறகு அனுமதிப்பத்திரத்துக்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, பின்பக்கம் திறந்து கிடந்த கழிவுநீர்க் குழியைக் காட்டினார். மூடி போட்டு முடிக்க இரண்டு கிழமை, அதுவரை வருமானம் இல்லை. பரிசோதகர் கேட்டது நியாயம். ஆனால் அதை முன்பே யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆகவே சாப்பாட்டுக்கடை, பேக்கரி, சலூன் என்று தொழிலுக்கு ஒரு தாள் அடியுங்கள்: என்ன பார்ப்பார்கள், என்ன கொண்டுவர வேண்டும், எவ்வளவு கட்டணம். பரிசோதனையை ஒக்டோபரிலேயே ஊர் ஊராகத் தொடங்கச் சொல்லுங்கள். பழைய பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஏ9 வீதியோரம் ஒருநாள் நடந்து பாருங்கள், மூடிய கடை எது, புதியது எது என்று தெரியும். சபை தானே போடும் உபவிதியைத் திருத்துவதென்றால் சபைத் தீர்மானம், வர்த்தமானி என்று காலம் இழுக்கும். இவற்றுக்கு அது தேவையில்லை, இந்த வருடமே செய்யலாம்.