உப்புக்காற்றில் நோட்டுக்கு அட்டை: துணி, தோல் துண்டு சேர்ப்பவர்களின் கேள்விகள்

ராமநாதபுரத்தில் கையால் நோட்டும் புத்தகமும் கட்டி வருகிறேன். மேலட்டைக்குத் துணியும் தோலும் சேர்ப்பது பற்றி நம் பக்கத்து ஊர்களிலிருந்து கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

தேவிபட்டினம்: அக்கா, தையல் கடையில் கேட்டால் கூட்டி அள்ளிய குப்பையைத்தான் தருகிறார்கள்.

கூட்டிய பிறகு போனால் அதுதான் கிடைக்கும் தம்பி. அதில் மெஷின் எண்ணெய் ஏறியிருக்கும், எண்ணெய் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. ஒரு பையை வெட்டும் மேசையின் காலில் கட்டிவிட்டு, "ஒரு சாணுக்கு மேல் துண்டு விழுந்தால் இதில் போடுங்கண்ணே" என்று சொல்லி வையுங்கள். ரம்ஜான், தீபாவளி நெருக்கத்தில் பை சீக்கிரம் நிறையும். அந்த நேரத்தில் அவரிடம் நின்று பேச்சுக் கொடுக்காமல் பையை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடுங்கள். ஏ5 நோட்டின் முதுகுக்கு 10 அங்குல நீளம், 3 அங்குல அகலம் போதும். அதைவிடச் சிறியவை மூலைகளுக்கு ஆகும்.

பரமக்குடி: பட்டுப்பருத்தித் துண்டு நிறைய இருக்கிறது. ஒட்டினால் பசை மேலே ஊறிக் கறையாகிறது.

நெசவு மெல்லியது, அதனால்தான். முதலில் துணியின் பின்பக்கம் மெல்லிய தாள் ஒட்டிக் காயவிடுங்கள், அப்புறம் அட்டையில் ஏற்றுங்கள். பசை கெட்டியாக இருக்கட்டும். பாவு நூல் முதுகின் நீளவாக்கில் ஓட வேண்டும். சேலைக் கரை ஓடும் திசைதான் பாவு என்பது உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஜரிகைப் பகுதியை வெளியே வைக்காதீர்கள், கடல் காற்றில் கறுத்துப்போகும்.

மண்டபம்: பழைய படகுப் பாய்த் துணி ஆகுமா?

பருத்தியாக இருந்தால் அருமையாக ஆகும். பிளாஸ்டிக் பாய் வேண்டாம், பசை ஒட்டவே ஒட்டாது. எனக்குக் கிடைத்த முதல் பாய்த் துணியை ஒரே ஒரு முறை அலசிவிட்டு நோட்டுக்குப் போட்டேன். ஐப்பசி மழை தொடங்கியதும் அட்டை ஈரம் குடித்து, ஓரத்தில் ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. அத்தனையும் துணியில் தங்கியிருந்த உப்பு செய்த வேலை. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். போர் தண்ணீரில் அலசி இதைச் சரிசெய்ய முடியாது, நம் பக்கம் அதுவே உப்பு. நல்ல தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றுங்கள். காய்ந்த துணியை ஒரு ராத்திரி திண்ணையில் போட்டுவைத்துக் காலையில் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் இன்னும் உப்பு போகவில்லை.

கீழக்கரை: ஓதும் கிதாபுக்கு உறை போட வேண்டும். கிடைத்த தோல் பன்றித்தோலா என்று எப்படி அறிவது?

கேட்டது ரொம்ப நல்லது. வெயிலில் சாய்த்துப் பிடித்து மயிர்க்கால் துளைகளைப் பாருங்கள். பன்றித்தோலில் அவை மூன்று மூன்றாகக் கூடி இருக்கும். ஆட்டுத்தோலில் வரிவரியாக ஓடும். மேலே பெயின்ட் பூசியிருந்தாலோ, மேல்பக்கம் சீவப்பட்டு உள்தோல் மட்டும் இருந்தாலோ துளை தெரியாது. அப்படிப்பட்ட துண்டைக் கிதாபுக்குத் தொடாதீர்கள், நல்ல பருத்தித் துணியே போதும்.

தொண்டி: செருப்பு தைப்பவர் தரும் துண்டுகளில் எதை எடுக்க?

வெட்டின ஓரத்தைப் பாருங்கள். உள்ளே துணி நூல் தெரிந்தால் ரெக்சின், நாளடைவில் உரியும். ஓரம் சாம்பல் நீலமாக இருந்தால் பெரும்பாலும் குரோம் தோல், அதாவது பட்டைக்குப் பதில் குரோமிய உப்பில் பதனிட்டது. தண்ணீர்த் துளி வைத்ததும் உறிஞ்சிக் கருக்கும் பழுப்புத் தோல் ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்டது. கட்டுவதற்கு எனக்கு அதுதான் பிடிக்கும், ஓரம் வெண்ணெய் போலச் சீவ வரும். மடிக்கும் இடத்தில் அரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும், அதனால் துணிப்பையில் போட்டுத் தொங்கவிடுங்கள்.

ஏர்வாடி: மைதா பசையில் மயில்துத்தம் போடலாமா அக்கா?

பழைய பைண்டர்கள் பூச்சிக்காகப் போடுவார்கள். மயில்துத்தம் என்பது நீல நிறச் செம்பு உப்பு (காப்பர் சல்பேட்), அது நஞ்சு. பிள்ளைகள் கையில் போகும் நோட்டு என்பதால் நான் போடுவதில்லை, அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே காய்ச்சிக்கொள்கிறேன்.