ஃபைட்டர் தொட்டிக்கு ஃபில்டர், ஹீட்டர்: மூணாறு முதல் நகரி வரை கேள்வி பதில்

கேள்வி கேட்கிறவங்க மறக்காம ஊர் பேரையும் போடுங்கன்னு சொல்லியிருந்தேன். காரணம் இருக்கு. ஃபைட்டர்னு சொல்ற சண்டை மீன் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான், ஆனா மூணாறுல அதுக்கு ஹீட்டர் இல்லாம முடியாது. பாலக்காட்டுப் பக்கம் எங்க கொழிஞ்சாம்பாறையில ஏப்ரல் மாசம் அதே ஹீட்டரைக் கழட்டி அட்டத்துல போட்டுடுவோம். பொதுவா ஒரு பதில் சொன்னா ரெண்டு ஊர்ல ஒரு ஊர் மீனுக்குக் கேடு.

மூணாறு, எஸ்டேட் லயத்திலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, ரெண்டு லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்துல ஃபைட்டர் வெச்சிருக்கேன். ஜனவரி வந்ததும் அடியிலயே படுத்துக்குது, தீனியும் எடுக்கல. மேல டேபிள் லைட் போட்டா சூடு போதுமா?

போதாதும்மா. லைட்டு பகல்ல சூடாக்கும், ராத்திரி நீ அணைச்சதும் தண்ணி மறுபடி ஜில்லுனு ஆயிடும். நிரந்தரக் குளிரைவிட இந்த ஏத்த இறக்கம்தான் மோசம். ஃபைட்டர் தாய்லாந்துப் பக்கத்து வயல், சதுப்புத் தண்ணியில பொறந்த சாதி. 25லேர்ந்து 27 டிகிரி அதுக்கு வாகு. 20க்குக் கீழ போனா செரிமானம் மந்தமாயிடும், துடுப்பை ஒடுக்கிக்கிட்டு படுத்துடும். நோய் இல்ல, குளிர்தான்.

ரெண்டு லிட்டர் கிண்ணத்துல ஹீட்டர் போடாத. தண்ணி கம்மியா இருந்தா சட்டுனு சூடேறி சட்டுனு ஆறும். மொதல்ல 20 லிட்டர் தொட்டிக்கு மாத்து. கீழ்நாட்டுல 20 லிட்டருக்கு 25 வாட்ஸ் தாராளம், அறையைவிட அஞ்சு டிகிரி வரைக்கும் ஏத்தும். உங்க ஊர் ராத்திரிக்கு அது பத்தாது, 50 வாட்ஸ் வேணும். கரண்டு பில்லுக்குப் பயப்படாத. 50 வாட்ஸ் நாள் முழுக்க நிக்காம எரிஞ்சாலே 1.2 யூனிட்தான், சூட்டைப் பாத்து தானா அணைச்சுப் போடுற தெர்மோஸ்டாட் இருக்கிறதால விட்டு விட்டுத்தான் எரியும்.

மூடி கட்டாயம். இந்த மீன் மேல வந்து வாயால காத்து வாங்கும். தண்ணி 26ல இருந்து மேல இருக்கிற காத்து பனிக்காத்தா இருந்தா என்ன பிரயோஜனம்? மூடி போட்டு ஒரு விரல் இடைவெளி மட்டும் விடு.

களியக்காவிளை: சார், கடைக்காரர் "ஃபைட்டர் மேல வந்து மூச்சு விடும், ஃபில்டரே வேண்டாம்"னு சொல்றார். உண்மையா?

பாதி உண்மை. மூச்சுக்கு ஃபில்டர் வேண்டாம்தான். ஆனா மீன் கழிக்கிறது, தின்னாம விட்ட தீனி எல்லாம் அமோனியாவா மாறுமே, அது எங்க போகும்? அந்த அமோனியா செவுளை எரிக்கும். ஃபில்டரோட உண்மையான வேலை குப்பையை வடிகட்டுறது இல்ல, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவுக்குக் குடியிருக்க இடம் குடுக்கிறது. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும், அது அவ்வளவா கெடுதல் இல்ல. வாரம் ஒருக்கா கால்வாசி தண்ணி மாத்தினா நைட்ரேட்டும் குறைஞ்சுடும்.

இந்தக் குடித்தனம் நிலைக்க நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். சீக்கிரம் வேணும்னா, மீன் நல்லா இருக்கிற யார் தொட்டியிலிருந்தாவது ஓடிட்டிருக்கிற பழைய ஸ்பாஞ்ச் ஒண்ணை ஈரம் காயாம வாங்கிட்டு வந்து உங்க ஃபில்டர் பக்கத்துல போடுங்க. ஒரு ஃபைட்டர் தொட்டிக்கு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்ப்பும் போதும். அடுக்கடுக்கா பெரிய ஃபில்டர் வாங்கச் சொன்னா கேக்காதீங்க.

செங்கோட்டை: மோட்டார்ல ஓடுற பவர் ஃபில்டர் போட்டேன். வாலை விரிக்க முடியாம மீன் ஒரு மூலையிலயே ஒதுங்கி நிக்குது.

நீள வால் ஃபைட்டருக்கு ஓட்டம் ஆகாது. தண்ணி விழுற இடத்துல ஸ்பாஞ்ச் துண்டு வெச்சுக் கட்டுங்க, உறிஞ்சுற குழாய் வாயிலயும் ஒண்ணு மாட்டுங்க, இல்லேன்னா வால் சிக்கிக் கிழியும். அதுக்கும் அடங்கலேன்னா அதைக் கழட்டிட்டு ஏர் பம்ப் ஸ்பாஞ்சுக்கு மாறுங்க. பம்ப் காத்து அதிகமா இருந்தா ட்யூபுல ஒரு சின்ன வால்வு போட்டுக் குறைச்சுக்கலாம்.

நகரி: அண்ணா, வீட்டுலயே தறி ஓடுது. தொட்டியில ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கு. ஆனாலும் தண்ணி மேல எண்ணெய்ப் படலம் மாதிரி ஒண்ணு படியுது. மே மாசம் தண்ணி 34 டிகிரி காட்டுது.

படலம் பஞ்சுத் தூசியும் தீனிக் கொழுப்பும் சேர்ந்தது. மேல வந்து காத்து வாங்குற மீனுக்கு அது தொந்தரவு. மை ஒட்டாத வெள்ளைப் பேப்பர் ஒண்ணை எடுத்து தண்ணி மேல தட்டையா விரிங்க, ஒரு ஓரத்தைப் பிடிச்சு மெதுவா இழுத்து எடுங்க, படலம் பேப்பரோட ஒட்டி வந்துடும். ரெண்டு மூணு தடவை செய்யணும். அப்புறம் ஃபில்டர் குமிழி மேல்மட்டத்தைக் கொஞ்சம் கலக்குற மாதிரி வைங்க. மூடியும் போடுங்க, தூசிக்கு அதான் மருந்து.

34 டிகிரி அதிகம். ஹீட்டரை ப்ளக்கிலிருந்தே உருவிடுங்க. சில மலிவு ஹீட்டர்ல தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிட்டு வெயில்லயும் எரியும். உங்க பக்கத்து போர் தண்ணி கடினத் தண்ணியா, பிஎச் (காரத்தன்மை) ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். சூடும் பிஎச்சும் சேர்ந்தா அமோனியா இன்னும் கொடிய விஷமாகும். அதனால வெயில் மாசத்துல தீனியைப் பாதியாக் குறைங்க.

சித்தூர்: எங்களுக்கும் வெயில்தான். ஐஸ் கட்டி போடலாமா?

கேரளா, ஆந்திரா ரெண்டு மாநிலத்துலயும் சித்தூர் இருக்கு, நீங்க எங்க பாலக்காட்டுச் சித்தூர்னு எழுத்திலேயே தெரியுது. ஐஸ் போடாதீங்க, தண்ணிச் சூடு சட்டுனு இறங்கிடும். மூடியை எடுத்துட்டு கொசுவலைத் துணி கட்டி, சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணி மேல்மட்டத்துக்கு நேரா ஓட விடுங்க. தண்ணி ஆவியாகும்போது சூட்டைக் கூட்டிக்கிட்டுப் போகும். நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காத்து காய்ஞ்ச காத்து, அதனால இங்க நல்லா வேலை செய்யும். களியக்காவிளை மாதிரி கடல் ஈரம் இருக்கிற ஊர்ல இந்தப் பலன் கம்மி. தொட்டியைச் சுத்தி ஈரச்சாக்கு கட்டுறதும் நல்லதுதான். வத்தின தண்ணிக்கு ஈடு ஊத்திக்கிட்டே இருங்க.

குமுளி: கிணத்துத் தண்ணிதான் ஊத்துறேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பைப்புல நல்லா கழுவிப் போட்டேன். மறுநாள் தண்ணி பால் மாதிரி ஆயிடுச்சு. முழுசா மாத்திடவா?

வேண்டாம். மழைக்காலத்துக்குப் பிறகு கிணத்துல ப்ளீச்சிங் பவுடர் போட்டாங்களான்னு மொதல்ல விசாரிங்க. போட்டிருந்தா அதுல இருக்கிற குளோரின் ஸ்பாஞ்சுல இருந்த பாக்டீரியாவைக் கொன்னிருக்கும், அதான் தண்ணி கலங்குது. இப்ப முழுத் தண்ணியும் மாத்தினா மிச்சம் இருக்கிறதும் போகும். மூணு நாளைக்கு தீனி நிறுத்துங்க, ஃபைட்டருக்கு ஒண்ணும் ஆகாது. தினம் கால்வாசி மட்டும் மாத்துங்க. மாத்துற தண்ணியை அகலமான வாளியில ஒரு நாள் திறந்து வெச்சா குளோரின் போயிடும். அவசரம்னா கடையில ஆன்டி குளோரின் சொட்டு மருந்து இருக்கு. இனிமே ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணியில ரெண்டு பிழி பிழிங்க, அது போதும். பளிச்சுனு வெளுக்கணும்னு இல்ல.

குப்பம்: கரண்டு போகும்போது ஏர் பம்ப் ட்யூப் வழியா தண்ணி தரைக்கு வந்துடுது!

பம்ப் தொட்டிக்குக் கீழ இருக்கு. மேல தூக்கி வைங்க, இல்லேன்னா தண்ணியைத் திரும்பி வர விடாத நான் ரிட்டர்ன் வால்வு ஒண்ணை ட்யூபுல போடுங்க. ரெண்டு மணி நேரம் கரண்டு இல்லேன்னா மீனுக்குக் கவலையில்ல.

கூடலூர்: ஜோடி சேர்த்திருக்கேன். ஃபில்டர் ஓடினா ஆண் கட்டுற நுரைக்கூடு கலையுது.

முட்டை விடுற காலத்துல காத்தை ஒரு நூல் மாதிரி குறைங்க, இல்ல நிறுத்திடுங்க. ஒரு ஓரத்துல காய்ஞ்ச பாதாம் இலை மிதக்க விட்டா அதுக்கு அடியில கூடு கட்டும். முட்டை விட்டதும் பெட்டையை எடுத்துடுங்க. தண்ணி 27, 28ல நிக்கட்டும், ஒண்ணு ரெண்டு நாள்ல பொரியும். குஞ்சு நீந்த ஆரம்பிச்சதும் ஆணையும் எடுத்துடுங்க. பொரிஞ்சு மூணு நாலு வாரத்துலதான் குஞ்சுக்குக் காத்து வாங்குற உறுப்பு உருவாகும். அந்தச் சமயம் உங்க நீலகிரிக் குளிர்காத்து பட்டா கொத்துக்கொத்தா செத்துப் போகும். தொட்டி வாய்க்கு பிளாஸ்டிக் பேப்பர் இறுக்கிக் கட்டி மேல் காத்தைச் சூடா வைங்க.

வண்டிப்பெரியார்: தண்ணி மாத்தும்போது ஹீட்டர் கண்ணாடி படார்னு விரிஞ்சுடுச்சு. புதுசா 50 வாங்கவா, 25 ரெண்டு வாங்கவா?

25 ரெண்டு வாங்குங்க. ஒண்ணு எரிஞ்சபடியே ஒட்டிக்கிட்டாலும் மீன் வெந்துடாது, ஒண்ணு செத்துட்டாலும் மொத்தமா குளிர்ந்துடாது. ரெண்டையும் ஒரே டிகிரிக்கு வைங்க, முழுசா முங்கியிருக்கணும், ஒண்ணு ஃபில்டர் குமிழிக்குப் பக்கத்துல இருக்கட்டும். தண்ணி மாத்த பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே ப்ளக்கைப் புடுங்கிடுங்க, சூடா இருக்கிற கண்ணாடியில பச்சைத் தண்ணி பட்டதுதான் விரிஞ்சதுக்குக் காரணம். விரிஞ்ச ஹீட்டரை ஒட்டிப் பாக்கிற வேலை வேண்டாம், ஷாக் அடிக்கும். வயரைத் தொட்டிக்குக் கீழ ஒரு வளைவு தொங்க விட்டு அப்புறம் ப்ளக்குக்குக் கொண்டு போங்க, வயர்ல வழியுற தண்ணி அங்கயே சொட்டிடும். தெர்மாமீட்டரை ஹீட்டர் பக்கத்துல ஒட்டாதீங்க, எதிர் மூலையில ஒட்டுங்க.