ஒரே அறை வீட்டில் மனம்விட்டுப் பேச என்ன ஏற்பாடு?

கேள்வி: மும்பை தாராவி, தொண்ணூறடி ரோடு பக்கம் இருக்கிறோம். எங்கள் பச்சத் கட்டில், அதாவது மகளிர் சேமிப்புக் குழுவில், பன்னிரண்டு பெண்கள். 2020 லாக்டவுனில் எங்களில் இரண்டு பேர் மனசொடிந்து போனது முற்றிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கொரோனா மாதிரி ஒரு நோய் திரும்ப வந்தால் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொள்வது? வாட்ஸ்அப் குழு இருக்கிறது, போதுமா?

பதில்: போதாது. தண்ணீர், ரேஷன் சேதிக்கு அந்தக் குழு சரி. "ராத்திரியெல்லாம் அழுதேன்" என்று பன்னிரண்டு பேர் பார்க்க யாரும் எழுதமாட்டார்கள். வீட்டிலிருக்கும் ஒரே ஸ்மார்ட்போனும் பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விடும்.

கொரோனாவின் முதல் ஆண்டில் மனச்சோர்வும் பதற்றமும் உலகெங்கும் 25 சதவீதம் கூடின, பெண்களுக்கே பாதிப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022ல் சொன்னது. உங்கள் பகுதியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பத்துக்குப் பத்து அறையில் மாமியாரும் கணவரும் பிள்ளைகளும் காதெட்டும் தூரத்தில் இருக்கும்போது, "எப்படி இருக்கே?" என்றால் "நல்லாயிருக்கேன்" என்றுதான் பதில் வரும். அதனால் உங்கள் கண்ணில் படாமல் போனது அக்கறைக் குறைவால் அல்ல. எந்த ஏற்பாடும் இந்தத் தடையை மனதில் வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். நாத்தனாரும் அண்ணியும், கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே மூவரில் வேண்டாம், வாய் திறக்கமாட்டார்கள். இரண்டு பேராகப் பிரித்தால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததும் தொடர்பு அறுந்துவிடும். வாரம் இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம், சாதாரண போன்கால். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை விட்டுவிடுங்கள். பொதுக் கழிப்பறை வரிசை, ரேஷன் கடை, மாடி என்று அவர் வெளியே நிற்கும் நேரமாகப் பார்த்து வையுங்கள். பேலன்ஸ் இல்லாதவர் மிஸ்டு கால் கொடுக்கட்டும்.

எடுத்ததும் கேட்க வேண்டியது: "பக்கத்துல ஆள் இருக்காங்களா?" ஆமாம் என்றால், ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் மட்டும். தூக்கம் வருதா, சாப்பாடு இறங்குதா என்று ஆரம்பித்து, மருத்துவர்கள் முதற்கட்டமாகக் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு வாருங்கள். போன ரெண்டு வாரத்துல எதுலயும் பிடிப்பில்லாம இருந்துச்சா? மனசு பாரமா, நம்பிக்கையே இல்லாத மாதிரி இருந்துச்சா? ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதை வைத்து நோய் இருக்கிறது என்று நீங்களே முடிவுகட்டக் கூடாது.

"மனசு சரியில்லை" என்று சொல்லாதவர்களும் உண்டு. நெஞ்சு படபடப்பு, உச்சந்தலை எரிச்சல், கைகால் அசதி என்பார்கள். அதையும் கணக்கில் எடுங்கள். ஆனால் ரத்தசோகையும் தைராய்டும் இதே மாதிரி காட்டும் என்பதால் ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) இரண்டும் பார்ப்பது அவசியம்.

14416, அதாவது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். பரவல் காலத்தில் ஓபிடி குறைந்துவிடும், அதனால் முதல் அழைப்பு இதற்கே. மற்ற நாட்களில் சயான் ஆஸ்பத்திரியில் காலையிலேயே கேஸ் பேப்பர் (ஓபி சீட்டு) எடுத்து மனநலப் பிரிவுக்குப் போகலாம். மருந்து எழுதிக் கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாகும். பலர் பத்தாம் நாளே விட்டுவிடுவது இதனால்தான். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம். சீட்டைப் போட்டோ எடுத்து மூவரில் இன்னொருவரிடமும் வையுங்கள். மெடிக்கலில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்கவே வேண்டாம்.

பிரசவத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் போக முடியாமல் இங்கேயே மாட்டிக்கொள்பவருக்குத் தினமும் போன் போட வேண்டும். பிள்ளை பெற்ற முதல் சில நாள் அழுகை சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் மருத்துவர்தான்.

"செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். எலி மருந்து, மாத்திரை, பினாயிலை அப்புறப்படுத்திவிட்டு 14416க்கோ அவசர உதவி எண் 112க்கோ பேசுங்கள்.

அடிதடி உள்ள வீட்டுக்கு ஒரு குறிப்புப் பேச்சு வேண்டும். "ஊர்லருந்து புளி வந்துச்சா?" என்று கேட்டால், "இன்னும் வரல" என்றால் இப்போது பேச முடியாது; "தீர்ந்துபோச்சு" என்றால் ஆபத்து. அப்போது 112க்குப் போன் போடலாமா, யாராவது நேரில் வரலாமா என்பதை முன்பே அவரிடம் கேட்டு வையுங்கள். அவசரமில்லாத ஆலோசனைக்குப் பெண்கள் உதவி எண் 181 உண்டு. 2000ல் பாந்த்ரா பாபா ஆஸ்பத்திரியில் தொடங்கிய, வீட்டில் அடிபடும் பெண்களுக்கு உதவும் திலாசா மையம் இப்போது வேறு சில மாநகராட்சி ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். இல்லாமலும் போகலாம்.

பேசுகிறவர்கள் கெடுப்பது பெரும்பாலும் அறிவுரையால். "எல்லாருக்கும்தான் கஷ்டம்" என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்த தடவை போனை எடுக்கமாட்டார். கேட்டதை மூவருக்கு வெளியே சொன்னாலும் அதே கதிதான். உயிராபத்து மட்டும் விதிவிலக்கு. இந்த எண்களைப் போனில் "கேஸ் ஏஜென்சி" மாதிரி வேறு பெயரில் பதிந்து, கால் லிஸ்டை அழிக்கவும் அடுத்த கூட்டத்திலேயே எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.