சன்ஸ்கிரீனில் எஸ்பிஎஃப் 30, 50 என்று போட்டிருப்பதற்கு என்ன அர்த்தம்?

வெயிலில் தோலைச் சிவக்கவைத்துச் சுடுகிற புற ஊதா பி கதிரை அந்த க்ரீம் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் எண்தான் எஸ்பிஎஃப். 30 என்றால் முப்பதில் ஒரு பங்கு மட்டும் தோலுக்குள் போகும். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு.

கொசுவலையை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு கொசு வந்தால் 30 வலை மூன்றை விடும், 50 வலை இரண்டை விடும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் வலையை மெத்தைக்கடியில் சரியாகச் செருகாவிட்டால் எந்த வலையும் வீண். சன்ஸ்கிரீனில் செருகுவது என்பது அளவு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் இந்த எண்ணைச் சோதிக்கிறார்கள். நாமோ பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க இழுத்துவிடுகிறோம்! முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் சரியாக வரும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வியர்வை கொட்டினால் இன்னும் சீக்கிரம்.

அப்புறம், தோலைக் கறுக்கவைக்கிற, முகத்தில் மங்கு எனப்படும் கருந்திட்டுகளை அதிகமாக்குகிற புற ஊதா ஏ கதிர் கண்ணாடி ஜன்னல் வழியாகவும் வரும். அதற்கு எஸ்பிஎஃப் எண்ணை நம்ப முடியாது; பக்கத்தில் பிஏ என்று போட்டு மூன்று நான்கு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் நினைப்பதுபோல 30 க்ரீமுக்கு மேல் 15 உள்ள ஃபவுண்டேஷன் போட்டால் 45 ஆகிவிடாது.