தருமபுரியிலிருந்து குடும்பத்துடன் ஒரே நாளில் சஃபாரி பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா?

தருமபுரியில் வசிக்கும் ஒருவர், சிறு பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் அழைத்துக்கொண்டு, வண்டியில் அமர்ந்தபடியே சிங்கம், புலி பார்க்கும் பூங்காவுக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா என்றும், சொந்தக் காரையே உள்ளே ஓட்டிச் செல்லலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு முடியும் என்பதே பதில். பெங்களூருக்குத் தெற்கே உள்ள பன்னேர்கட்டா உயிரியல் பூங்காதான் நம் மாவட்டத்தாருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி என்று நெடுஞ்சாலையிலேயே சென்று, பொம்மசந்திராவில் இடப்புறம் திரும்பி ஜிகனி வழியாகப் போனால், பெங்களூரு நகர நெரிசலுக்குள் நுழையாமலேயே சேர்ந்துவிடலாம். தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் வரும். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

சொந்தக் காருக்கு அனுமதி கிடையாது. வாகன நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிட்டு, சன்னல்களுக்குக் கம்பிவலை அடித்த பூங்காவின் பேருந்திலோ ஜீப்பிலோதான் உள்ளே போக முடியும். சொந்தக் காரில் இருந்தபடி விலங்குகளைப் பார்த்தே தீரவேண்டும் என்றால் முதுமலை, பந்திப்பூர் வழியாகச் செல்லும் சாலை இருக்கிறது. ஆனால் அங்கே காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது, பந்திப்பூர்ப் பகுதியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தும் இல்லை, தருமபுரியிலிருந்து அது ஒரு நாளில் முடிகிற பயணமும் அன்று.

நாங்கள் மாமனார், மாமியார், பிள்ளைகள் சகிதமாகப் போனபோது, இருட்டு பிரியும் முன்பே கிளம்பி, சூளகிரி தாண்டி ஓரிடத்தில் இட்லியை முடித்துக்கொண்டு, டிக்கெட் கவுன்டர் திறக்கும் நேரத்துக்கு அங்கே இருந்தோம். முதலில் சஃபாரி, பிறகு கூண்டுகளும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் என்று வரிசையை வைத்துக்கொள்வது நல்லது. வெயில் ஏறிய பிறகு புலியும் சிங்கமும் நிழலில் சாய்ந்துவிடும், வாலை ஆட்டினால்தான் உயிர் இருப்பதே தெரியும்.

பேருந்து முதலில் மான்களும் காட்டெருமைகளும் மேயும் பகுதிக்குள் செல்கிறது. புலிக்காகக் காத்திருக்கும் அவசரத்தில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. என்னைக் கேட்டால் டிக்கெட் பணத்தில் பாதிக்கு மேல் இங்கேயே ஈடாகிவிடும். கரிய உடலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற கால்களுமாக ஒரு காட்டெருமைக் கடா பாதையை மறித்து நின்றபோது, ஓட்டுநர் ஹாரன் அடிக்காமல் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். அதன் மூச்சுச் சத்தம் சன்னல்வரை கேட்டது.

அடுத்தடுத்து இரட்டைக் கதவு வைத்த வேலிகளைத் தாண்டிக் கரடி, சிங்கம், புலிப் பகுதிகள் வருகின்றன. கரடிகளைக் கண்டதும் என் மாமனார் பேச ஆரம்பித்துவிட்டார். அவர் சிறுவனாக இருந்தபோது, மூக்கில் கயிறு கோத்த கரடியை ஊர் ஊராக நடத்தி வருவார்களாம், அதன் மயிரைத் தாயத்தில் அடைத்துக் குழந்தைகளின் இடுப்பில் கட்டுவார்களாம், தமக்கும் கட்டியிருந்தார்களாம். அப்படி வித்தை காட்டப்பட்ட கரடிகளை மீட்டு வைத்துப் பராமரிக்கும் மையம் ஒன்று பன்னேர்கட்டாவில் இருக்கிறது என்று சொன்னதும், "அப்போ அந்தக் கயிறு வலிக்காதா தாத்தா?" என்று சின்னவள் கேட்டாள். "வலிச்சிருக்கும் சாமி, நாங்க யாரு அதைக் கேட்டோம்" என்றார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே காண்பது காடு அன்று. மனிதர் கையில் இருந்த விலங்குகளுக்கும் அவற்றின் வழிவந்தவற்றுக்கும் அமைத்த பெரிய அடைப்பு. சர்க்கஸ்களில் சிங்கம், புலி, கரடி முதலியவற்றை ஆடவைப்பதற்கு 1998-இல் மத்திய அரசு தடைவிதித்து, 2001-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்த பிறகு, மீட்கப்பட்ட பல விலங்குகள் இத்தகைய மையங்களுக்குத்தான் வந்தன. வெள்ளைப் புலியைத் தனி இனம் என்று பேருந்தில் யாரோ விளக்கிக்கொண்டிருந்தார். அதுவும் வங்கப் புலியே, மரபணு மாற்றத்தால் வந்த நிறம். உண்மையான காட்டு விலங்கு வேண்டுமானால் ஓசூரை அடுத்த தளி, ஜவளகிரிப் பக்கத்து விவசாயிகளைக் கேளுங்கள். பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து இறங்கும் யானைகள் ராகி விளையும் காலத்தில் டிக்கெட் இல்லாமலே தரிசனம் தருகின்றன.

சிறுத்தை சஃபாரி 2024-இல்தான் தொடங்கியது. சிறுத்தை வண்டிமீதும் ஏறும் வல்லமை உடையது. 2025 ஆகஸ்டில் ஜீப்பின் சன்னலோரம் இருந்த சிறுவனின் கையை ஒரு சிறுத்தை கீறியிருக்கிறது. ஆகவே பிள்ளைகளைச் சன்னலோரம் அமர்த்தினாலும் விரல்களோ கைப்பேசியோ வலைக்கு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு முட்டிவலி இருந்தால் சஃபாரியோடு நிறுத்திக்கொள்ளலாம். கூண்டுப் பகுதியில் நடை அதிகம். கட்டுச்சோறு கொண்டுபோகிறவர்கள் பாலித்தீன் பையில் கட்டாமல் எவர்சில்வர் டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள், குரங்குகளின் கண்ணில் படாமல் மூடியே வையுங்கள். மாலை நான்கு மணிக்குள் கிளம்பிவிட்டால், பொம்மசந்திராவில் தொழிற்சாலைகள் விடும் நேரத்து நெரிசலில் சிக்காமல் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு சேரலாம்.