பரிசு விழுந்த வீடு

கேள்வி: லாட்டரியில் கோடிக்கணக்கில் பரிசு விழுந்தவர்கள் நிம்மதியை இழந்துவிடுகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: சிலர் இழக்கிறார்கள். ஆனால் அதற்குப் பணத்தைக் குற்றம் சொல்வதைவிட, பரிசு விழுந்த செய்தி அன்றைக்கே ஊரெல்லாம் பரவிவிடுவதைத்தான் சொல்ல வேண்டும்.

கேரள அரசின் ஓணம் பம்பர் குலுக்கலில் 2022 செப்டம்பரில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு பெற்றவர், திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஓர் ஆட்டோ ஓட்டுநர். குலுக்கலுக்கு முந்தைய நாள் இரவில்தான் 500 ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கியிருந்தார். அவர் முகம் தொலைக்காட்சியில் வந்த சில நாட்களிலேயே, பரிசுத் தொகை கைக்கு வந்து சேராத நிலையில், உதவி கேட்டு வருவோர் ஓயாததால் சொந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்றும், மூன்றாம் பரிசு விழுந்திருந்தாலே போதும் என்றும் ஒரு காணொளியில் வேதனையோடு பேசினார். கடன்பட்டவர்களும் நோயாளியை வைத்திருப்பவர்களும் வாசலில் வந்து நிற்கையில், இல்லை என்று சொல்லும் பாரத்தை ஒரே நாளில் ஒரு எளிய குடும்பத்தின் தலையில் ஏற்றுவது கொடுமை.

கேட்டு வருவோர் கண்ணுக்கு 25 கோடிதான் தெரிகிறது. முகவர் கமிஷன் 10 சதவீதமும், மீதியில் வருமான வரி 30 சதவீதமும் பிடித்தபின் அவருக்குரியது 15.75 கோடி. அதிலிருந்தும், வரியின் மேல் விதிக்கப்படும் கூடுதல் வரிகளான சர்சார்ஜையும் செஸ்ஸையும் அவரே தனியாகக் கட்ட வேண்டும். அன்றைய விதிப்படி கடைசியில் நிற்பது ஏறத்தாழ 12.88 கோடி. இந்த இரண்டாவது வரியைப் பற்றித் தெரியாமல் வந்த தொகையை நிலத்திலும் வீட்டிலும் போட்டுவிடுபவர்தான், வரி கட்டும் நாளில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

பணமே மனிதரைக் கெடுத்துவிடும் என்பதற்குச் சான்று குறைவு. ஸ்வீடனில் பரிசு வென்ற 3,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், பெருந்தொகை வென்றவர்களுக்கு வாழ்க்கையில் உண்டான மனநிறைவு பத்தாண்டுகள் கடந்தும் குறையவில்லை என்று தெரியவந்தது.

கேரள லாட்டரித் துறை, குலாட்டி நிதி மற்றும் வரிவிதிப்பு நிறுவனத்துடன் சேர்ந்து, 2022 ஓணம் பம்பர் வெற்றியாளர்களில் தொடங்கி, பணத்தைக் கையாளும் பயிற்சி அளிக்க முன்வந்தது வரவேற்கத்தக்கது. அந்தப் பயிற்சியைத் தொகை கைக்கு வருவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். வெற்றியாளர் விரும்பாவிட்டால் பெயரையும் முகவரியையும் எவரிடமும் சொல்லக் கூடாது.